தோள் முதல் விரல் வரை: கையெலும்புகளைத் தொட்டறியும் முறை

மனித சரீரத்தில் உள்ள 206 எலும்புகளில் ஒவ்வொரு கைக்கும் உரியவை 32. தோளில் இரண்டு, மேற்கையில் ஒன்று, முன்கையில் இரண்டு, மணிக்கட்டில் எட்டு, உள்ளங்கையில் ஐந்து, விரல்களில் பதினான்கு என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் இதை ஒப்புவித்துவிடும். ஆனால் அதே பிள்ளையிடம், 'தோளின் முனையெலும்பு எங்கே, விரலை வைத்துக் காட்டு' என்று கேட்டால், அது விரலை வைக்கும் இடம் பெரும்பாலும் தோளெலும்பாக இராது. அதற்குச் சற்றுக் கீழே, தசைக்குள் புதைந்திருக்கும் புயவெலும்பாக இருக்கும். முதலுதவிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பவர்களும் இப்பிழையைச் செய்யக் கண்டிருக்கிறேன்.

ஒசூர் சிப்காட்டிலும், ஜூஜூவாடி, பேகேப்பள்ளி முதலான இடங்களில் அதைச் சூழ்ந்துள்ள சிறு பட்டறைகளிலும், பர்கூர், போச்சம்பள்ளித் தொழிற்பேட்டைகளிலும் உழைப்பவர்களில், தம் ஆலையின் முதலுதவிப் பொறுப்பை ஏற்றவர்களையும் ஏற்க விரும்புபவர்களையும் மனத்திற்கொண்டு இவ்வத்தியாயம் எழுதப்படுகிறது. 150 தொழிலாளருக்கு ஒன்றுக்குக் குறையாமல் முதலுதவிப் பெட்டி இருத்தல் வேண்டும் என்றும், ஒவ்வொரு பெட்டிக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பாக, வேலை நேரம் முழுவதும் கூப்பிட்ட குரலுக்கு வரும்படி இருத்தல் வேண்டும் என்றும் 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விதித்தது. அந்த ஒருவர் நீங்களாயின், பவர் பிரஸ்ஸில் கை சிக்கியவரும், இரவு ஷிப்ட் முடிந்து திரும்புகையில் பைக் சறுக்கி விழுந்தவரும் முதலில் நிற்பது உங்கள் எதிரில்தான். எலும்பு முறிந்ததா என்று தீர்ப்புச் சொல்ல எக்ஸ்ரே இருக்கிறது. எந்த எலும்பு, அதன் எந்தப் பகுதி என்று சொல்லவும், மருத்துவமனை சேரும்வரை அதை அசையாமல் காக்கவும் நீங்கள் கற்றால் போதும். அதனை நோயாளியின் கையில் கற்க முடியாது, நலமான கையில்தான் கற்க வேண்டும்.

தொடங்குமுன்

ஒரு முக்காலி, தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா, துணியில் கோடிடும் சாக்கட்டி அல்லது ஒரு பால்பாயிண்ட் பேனா, இவற்றோடு பொறுமையுள்ள ஒரு தோழர் இருந்தால் சாமான்கள் பூர்த்தியாயின. தோழரைப் பனியனோடு முக்காலியில் அமர்த்திக் கைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். பெண் தொழிலாளர் பெண் துணையோடே பயில வேண்டும். யாராயினும் தொடுமுன் அனுமதி கேட்பது முறை. நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். விரல்நுனியால் குத்தாமல், விரலின் சதைப்பற்றான அடிப்பாகத்தால் தடவி, பிறகு மெதுவாக அழுத்த வேண்டும். எலும்பைக் கண்ட இடத்தில் ஒரு புள்ளியும், விளிம்பைக் கண்ட இடத்தில் ஒரு கோடும் இட்டுக்கொண்டே போனால், அரைமணியில் தோழரின் தோலின்மேல் ஒரு தேசப்படம் உருவாகிவிடும்.

குறிப்பு: மனித எலும்பை விலைக்கு வாங்கிப் பயில நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் அயல்நாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடுகளை அனுப்பிவந்த நம் நாட்டில் 1985-இல் அவ்வேற்றுமதி தடை செய்யப்பட்டது. பயிற்சிக்குப் பிளாஸ்டிக் மாதிரிகளே தாராளமாகக் கிடைக்கின்றன. மல்லச்சந்திரம் போன்ற பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் நிறைந்த இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஸ்திவாரம் தோண்டும்போது பழைய எலும்பு தட்டுப்படுமாயின், அதை எடுத்து வைத்துக்கொள்ளாமல் வேலையை நிறுத்திக் கிராம நிர்வாக அலுவலருக்கும் போலீசுக்கும் தெரிவியுங்கள்.

கறிக்கடையில் ஒரு பாடம்

பிளாஸ்டிக் மாதிரியும் கிடைக்காதவர் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்காரரிடம் ஆட்டின் முன்னங்காலைத் துண்டு போடாமல் முழுதாகக் கேட்டு வாங்கலாம். கறியை வீட்டில் சமைத்துக்கொண்டு, எலும்பைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்து உலர்த்திவிட்டால், முக்கோணத் தகடு போன்ற தோள்பட்டையெலும்பையும், அதன் முதுகில் ஓடும் வரம்பையும், குழியில் பொருந்தும் உருண்டைத் தலையுடைய புயவெலும்பையும் கையில் வைத்துப் பார்க்கலாம்.

இரண்டு வேற்றுமைகள் மட்டும் நினைவிருக்கட்டும். ஆட்டுக்குக் காறையெலும்பு கிடையாது. அதன் முன்னங்கால் உடம்போடு தசையால் மாத்திரமே தொங்குகிறது. முன்கையில் நமக்குத் தனித்தனியே உள்ள இரண்டு எலும்புகள் ஆட்டுக்கு ஒன்றாக ஒட்டிப்போயிருக்கும். ஆதலால் ஆடு தன் முன்பாதத்தை மேல்நோக்கித் திருப்ப இயலாது, நாம் உள்ளங்கையைத் திருப்பி ஸ்குரூடிரைவரைச் சுழற்றுகிறோம். ஆட்டின் முன்னங்காலில் முட்டி என்று நாம் சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டே என்பதையும், இனிக் கறிக்கடையில் நிற்கும்போது, கவனிக்கலாம்.

தோள்

1. தொண்டைக்குழியின் இருபுறமும் ஒவ்வொரு குமிழ் தட்டுப்படும். அது காறையெலும்பின் உள்முனை. டாக்டர்கள் இவ்வெலும்பைக் கிளாவிக்கிள் என்பர். காறை என்னும் கழுத்தணி படியும் இடம் என்று நம்மவர் இப்பெயரை நினைவில் வைக்கலாம். குமிழிலிருந்து விரலைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். மூன்றில் இரண்டு பங்கு தூரம் எலும்பு முன்னோக்கிப் புடைத்தும், எஞ்சிய பங்கு பின்னோக்கி உள்வாங்கியும் செல்வது தெளிவாகத் தெரியும். கை உடம்போடு எலும்புக்கு எலும்பாகப் பொருந்தும் இடம் அந்த உள்முனை ஒன்றுதான். ஆகையால் தோள் மோதி விழுந்தாலும் கையை ஊன்றி விழுந்தாலும் அதிர்ச்சி இவ்வெலும்பின் வழியாகவே உடம்புக்குள் செல்கிறது; இவ்வெலும்பு பெரும்பாலும் தன் நடுப்பகுதியில்தான் ஒடிகிறது. ஒடிந்தவர் அடிபட்ட பக்கத்து முழங்கையை மறுகையால் தாங்கிக்கொண்டு, தலையை அப்பக்கமே சாய்த்து வருவதைத் தூரத்திலேயே கண்டுகொள்ளலாம்.

2. காறையெலும்பின் வெளிமுனையில் விரல் ஒரு சிறு படியை உணரும். படியைத் தாண்டினால் தட்டையாய், கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் எலும்பு. அதுவே தோள்முனை, அக்ரோமியன். அதன் வெளிவிளிம்பில் ஒரு கோடு இடுங்கள். இக்கோட்டுக்குப் பின்னால் வேலை இருக்கிறது.

3. தோள்முனையிலிருந்து முதுகுப்புறம் திரும்பினால் ஒரு வரம்பு சற்றே கீழ்நோக்கி முதுகெலும்பை நாடிச் செல்லும். வயல் வரப்பைப் போன்ற இது தோள்பட்டையெலும்பின் முதுகு. வரம்பு முடியும் இடம் மூன்றாம் மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் இருக்கும். அங்கிருந்து எலும்பின் உள்விளிம்பைப் பிடித்துக் கீழே இறங்கினால், ஏழாம் முள்ளெலும்பின் மட்டத்தில் அதன் கீழ்க்கோணம் கிடைக்கும். விளிம்பு புலப்படாவிட்டால் தோழரின் கையைப் பின்னால் முதுகின்மேல் மடித்து வைக்கச் சொல்லுங்கள். விளிம்பு தானே எழும்பி நிற்கும். கையைத் தலைக்குமேல் தூக்கச் சொன்னால் கீழ்க்கோணம் வெளிநோக்கி ஊசலாடுவதையும் காணலாம்.

4. மறுபடி முன்புறம் வாருங்கள். காறையெலும்பின் வெளிப்பங்கிற்குக் கீழே ஒரு பள்ளம் உண்டு. அப்பள்ளத்தில், எலும்புக்கு ஓர் அங்குலத்துக்குக் கீழே, விரலைப் பக்கவாட்டில் சாய்த்து அழுத்தினால், கூர்மழுங்கிய ஒரு முனை தட்டுப்படும். தோள்பட்டையெலும்பின் இந்த முன்கொம்புக்குக் கோரகாய்டு என்று பெயர். காகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, காக்கையலகு என்று நாமும் சொல்லலாம்.

எச்சரிக்கை: காக்கையலகை அழுத்தினால் நலமானவருக்கும் வலிக்கும், 'ஆ' என்றதும் முறிவு என்று எண்ண வேண்டாம். அதன் உட்புறமாகக் கையின் பெரிய இரத்தக்குழாய்களும் நரம்புகளும் செல்வதால் ஆழ அழுத்தவும் வேண்டாம்.

5. இனி எல்லாரும் தவறும் இடம். தோள்முனைக் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கிடையில் இன்னொரு மேடு, தசையின் அடியில், மழுங்கலாகத் தெரியும். அது புயவெலும்பின் பெரிய முடிச்சு. இரண்டையும் பிரித்தறியும் உபாயம் எளிது. தோழரின் முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, விலாவோடு ஒட்டிவைத்து, உங்கள் சுட்டுவிரலை ஐயமுள்ள மேட்டின்மேல் வைத்துக்கொண்டு, அவர் முன்கையைக் கதவு திறப்பதுபோல் உள்ளும் வெளியுமாக மெல்ல ஆட்டுங்கள். விரலுக்கடியில் எலும்பு உருண்டால் அது புயவெலும்பு. அசையாது நின்றால் தோள்முனை. இந்தச் சோதனையை நலமானவரிடம் இருபது தடவை செய்யுங்கள். அடிபட்டவரிடம் ஒரு தடவையும் செய்யாதீர்கள்.

தோள் மூட்டு முன்புறமாகப் பிசகியவரின் தோளில் வழக்கமான உருட்சி இராது. தோள்முனை மட்டும் கூரை விளிம்புபோல் துருத்திக்கொண்டு, அதன் கீழே தட்டையாகவோ பள்ளமாகவோ இருக்கும். மறுதோளோடு ஒப்பிட்டால் ஒரு நொடியில் விளங்கும். அக்குளில் குதிகாலை வைத்து இழுத்தல் முதலிய வித்தைகளைச் சினிமாவில் பார்த்தவர்கள் பட்டறையில் செய்து பார்ப்பதுண்டு. மூட்டு ஏறினாலும் ஏறாவிட்டாலும், நரம்பு நைந்தால் கை எழும்பாமல் போகக்கூடும். முறிவு இருந்தால் அது பெரிதாகும்.

மேற்கையும் முழங்கையும்

6. புயவெலும்பின் தண்டு தசைகளால் சூழப்பட்டிருப்பதால், மேற்கையின் உட்பக்கத்தும் வெளிப்பக்கத்தும் முன்தசைக்கும் பின்தசைக்கும் இடையிலுள்ள வாய்க்கால்களில்தான் தட்டுப்படும். இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய விசேஷம் ஒன்றே. தண்டின் நடுப்பகுதியில், எலும்பை ஒட்டி, பின்புறமாகச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு இறங்குகிறது. தண்டு ஒடியும்போது அதுவும் அடிபட்டால் மணிக்கட்டை மேலே தூக்க முடியாமல் கை வாடிய தண்டுபோல் தொங்கும். மேற்கையில் அடிபட்டவரிடம், 'மணிக்கட்டை மட்டும் தூக்கிக் காட்டு தம்பி' என்று கேட்கும் வழக்கம் இதனாலே.

7. கீழே வந்தால் முழங்கையின் இருபுறமும் இரண்டு கணுக்கள். உட்கணு எடுப்பானது, வெளிக்கணு சற்று அடங்கியது. உட்கணுவுக்குப் பின்னுள்ள பள்ளத்தை மெல்லத் தடவினால் சுண்டுவிரல் வரைக்கும் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்னும். மேசை மூலையில் முழங்கை இடித்தபோதெல்லாம் நீங்கள் எலும்பின்மேல் போட்ட பழி, உண்மையில் அங்கே ஓடும் நரம்பைச் சேர்ந்தது.

8. முழங்கையின் பின்புறக் கூர்முனை, நாம் மேசையில் ஊன்றும் முனை, முழங்கையெலும்பின் மேல்முனை. மருத்துவர் எலும்பை அல்னா என்றும் முனையை ஒலிக்ரானன் என்றும் சொல்வர். இதிலும் ஒரு புள்ளி இடுங்கள். இப்போது கட்டைவிரலையும் நடுவிரலையும் இரு கணுக்களிலும், சுட்டுவிரலை இம்முனையிலும் வைத்துக்கொண்டு, தோழரைக் கையை நீட்டச் சொல்லுங்கள். மூன்று விரல்களும் ஒரே கோட்டில் நிற்கும். செங்கோணமாக மடக்கச் சொல்லுங்கள். சுட்டுவிரல் கீழிறங்கி, மூன்றும் ஒரு முக்கோணமாகும்.

இந்த முக்கோணத்தைப் போல் உபயோகமான சூத்திரம் கை முழுவதிலும் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். விளையாடும் பிள்ளைகள் விழுந்து முழங்கை வீங்கி வரும்போது, கணுக்களுக்கு மேலே புயவெலும்பு ஒடிந்திருந்தால் மூன்று புள்ளிகளும் ஒன்றையொன்று பிரியாமல் கூட்டாகவே இடம் பெயர்ந்திருக்கும். மூட்டு பிசகியிருந்தால் முக்கோணமே குலைந்திருக்கும். மருத்துவர் வீக்கத்தின் ஊடே அதைத் தேடுவார். நீங்கள் அடிபட்ட முழங்கையை மடக்கியும் நீட்டியும் பார்க்காமல், இருந்த நிலையிலேயே கட்டி அனுப்ப வேண்டும்.

முன்கை

9. முழங்கை முனையிலிருந்து சுண்டுவிரற் பக்கமாக விரலை இறக்குங்கள். மணிக்கட்டு வரைக்கும் ஒரே தொடர்ச்சியாகத் தோலுக்கடியில் ஓர் எலும்பு விளிம்பு ஓடும். அடி வாங்காமல் இருக்க நாம் அனிச்சையாகக் கையை முகத்துக்கு நேரே தூக்கும்போது அடி விழுவது இவ்விளிம்பில்தான்.

10. மற்றோர் எலும்பாகிய ஆரையெலும்பு, ரேடியஸ், கட்டைவிரற் பக்கத்தது. இதன் லத்தீன் பெயருக்கும் தமிழ்ப் பெயருக்கும் பொருள் ஒன்றே, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால். மேல்முனையைக் கண்டுபிடிக்க, வெளிக்கணுவுக்கு ஓர் அங்குலம் கீழே, பின்புறத்துக் குழியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, தோழரை உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பச் சொல்லுங்கள்; சிறு தட்டு ஒன்று விரலுக்கடியில் சுழலும். முதன்முதலாக அதை உணர்பவர் முகத்தில் தோன்றும் ஆச்சரியத்தைப் பார்ப்பதற்காகவே இப்பாடத்தை நடத்தலாம்.

11. மணிக்கட்டருகே இரண்டு எலும்புகளும் கூர்முனைகளாக முடிகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒவ்வொரு கட்டைவிரலை வையுங்கள். ஆரையெலும்பின் நுனி மற்றதைவிட ஒரு சென்டிமீட்டர் அளவு கீழே, விரல்களை நோக்கி, இறங்கியிருக்க வேண்டும். கையை ஊன்றி விழுந்து ஆரையெலும்பின் கீழ்முனை முறிந்தவருக்கு இந்த ஏற்றத்தாழ்வு குறைந்து இரு நுனிகளும் சமமாகலாம். பக்கவாட்டில் பார்த்தால் மணிக்கட்டு கவிழ்த்து வைத்த முள்கரண்டிபோல் வளைந்திருக்கும். டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-இல், எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன், பார்த்தும் தொட்டும் மட்டுமே இம்முறிவை வருணித்தார் என்பது தொட்டறியக் கற்பவர்களுக்கு ஊக்கம் தரக்கூடியது.

பிழை: மணிக்கட்டின் முதுகுப்புறம் சுண்டுவிரற் பக்கத்தில் உருண்டையாகத் தெரியும் குமிழை ஆரையெலும்பு என்று கொள்வது. அது முழங்கையெலும்பின் கீழ்த்தலை.

மணிக்கட்டும் விரல்களும்

12. கட்டைவிரலைப் பின்னோக்கி விறைத்து நீட்டினால் அதன் அடியில் இரு நரம்புகள்போல் தெரியும் தசைநாண்களுக்கு இடையே ஒரு குழி விழும். மூக்குப்பொடி போடும் பெரியவர்கள் பொடியை வைக்கும் இடம் அது. மருத்துவர்களும் அதைப் பொடிக்குழி என்றே வழங்குகிறார்கள். குழியின் அடித்தளமாக உள்ள படகு வடிவ எலும்பு, ஸ்காஃபாய்டு, எட்டு மணிக்கட்டெலும்புகளில் அதிகமாக முறிவது. முதல்நாள் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகும். 'படத்தில் ஒன்றுமில்லை, சுளுக்குதான்' என்று வேலைக்குத் திரும்பியவரிடம், பொடிக்குழியை அழுத்தி வலித்தால், பத்துப் பதினான்கு நாளில் மறுபடியும் படம் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு. கவனியாது விட்டால் கூடாமலே போய் மணிக்கட்டைக் கெடுத்துவிடும்.

13. உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரற் பக்கம் பட்டாணி போன்று உருளும் சிற்றெலும்பு ஒன்றைத் தொடலாம். மற்ற ஆறையும் பிரித்தறிவது முதலுதவியாளருக்கு அவசியமில்லை.

14. முஷ்டியை மடக்கினால் எழும்பும் முட்டிகள் விரலெலும்புகள் அல்ல; ஐந்து உள்ளங்கையெலும்புகளின் தலைகள். கட்டைவிரலுக்குரியதைத் தனியே கவனியுங்கள்: கட்டைவிரலில் எலும்பு இரண்டு, மூன்றாவது என்று எண்ணத் தோன்றுவது உள்ளங்கையைச் சேர்ந்தது. மற்ற விரல்களுக்கு மும்மூன்று.

நாடாவும் சட்டமும்

தோள்முனையிலும் முழங்கை முனையிலும் இட்ட அடையாளங்களை இப்போது எடுத்துக்கொள்வோம். 1923-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, இழந்த கைக்குச் சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் குறைந்தது என்பதை இந்த இரண்டு எலும்பு முனைகளிலிருந்தே அளந்தது. தோள் மூட்டோடு போனால் 90. எஞ்சிய பகுதி தோள்முனையிலிருந்து 20.32 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் 80. அங்கிருந்து, முழங்கை முனைக்குக் கீழே 11.43 சென்டிமீட்டருக்கு உட்பட்ட இடம் வரையில் 70. அந்த 11.43-லிருந்து கீழே போனாலும், உள்ளங்கை விரல்களோடு முழுதும் போனாலும் 60. கட்டைவிரல் மட்டும் என்றால் 30. அதன் உள்ளங்கையெலும்போடு சேர்ந்தால் 40. இந்த விசித்திரமான தசமங்கள் எங்கிருந்து வந்தன என்று வியப்பவர்கள் நாடாவின் மறுபக்கத்தைப் பார்க்கட்டும்: எட்டு அங்குலம், நாலரை அங்குலம்.

தோழரின் கையில் இவ்விரண்டு தூரங்களையும் அளந்து கோடிடுங்கள். தோள்முனைக்குப் பதிலாகப் புயவெலும்பின் முடிச்சிலிருந்து அளந்தால் கோடு எவ்வளவு கீழே போகிறது என்பதையும் பாருங்கள். 80-க்கும் 70-க்கும் உள்ள இடைவெளி அந்த விரற்கிடையில் அடங்கிவிடலாம். சதவீதத்தை நிர்ணயிப்பவர் மருத்துவரே. ஆனாலும் எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறார் என்று தெரிந்து அருகில் நிற்கும் ஒரு சக தொழிலாளி, படிப்பறியாத குடும்பத்துக்குப் பெரிய துணை.

மூளெ என்றால் மூளை அன்று

எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு சங்கடத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பட்டறை ஒன்றில் கன்னடத்து இளைஞர் ஒருவர் முன்கையைப் பிடித்துக்கொண்டு, 'அண்ணா, மூளெ முரிதிதெ' என்று அலற, புதிதாகத் தெற்கிலிருந்து வந்திருந்த மேற்பார்வையாளர் அவர் தலையைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார். கன்னடத்தில் மூளெ என்றால் எலும்பு. தெலுங்கில் எமுக, வடக்கிலிருந்து வந்திருப்பவர்கள் ஹட்டி என்பார்கள். வலி, தெலுங்கில் நொப்பி, இந்தியில் தர்த், கன்னடத்தில் நோவு. ஆனாலும் சொல்லைவிட விரல் நம்பத்தக்கது: 'ஒரே விரலால் வலிக்கும் இடத்தைக் காட்டு' என்று சைகையால் கேளுங்கள். ஒரு விரலால் ஒரு புள்ளியைக் காட்டுபவரிடம் முறிவை எதிர்பாருங்கள். உள்ளங்கை முழுவதையும் விரித்துத் தடவிக் காட்டுபவருக்குத் தசைவலியாகவும் இருக்கக்கூடும், ஆயினும் அதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம்.

விபத்து நேர்ந்தபின்: வரிசை மாறக்கூடாது

1. இயந்திரத்தை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, வேறொருவர் போடாதபடி ஆள் நிறுத்துங்கள். சிக்கிய கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். இயந்திரத்தைத் தெரிந்தவர் அதை விலக்கட்டும்.

2. இரத்தம் பெருகினால் அதுவே முதல் வேலை. சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ளாமல், அதன்மேல் அழுத்தாமல், சுற்றிலும் அழுத்தி மூடுங்கள்.

3. மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கையில் கட்டிய கயிறு ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றுங்கள். தயங்கினால் அரைமணி கழித்து ரம்பம் வேண்டியிருக்கும்.

4. இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிடுங்கள். பிறகு வலியில்லாத இடத்திலிருந்து தொடங்கி, வலிக்கும் இடத்தை நோக்கி, மேலே கற்ற வரிசையில் மெல்லத் தொட்டு வாருங்கள். வலி கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். அதை மறுபடி அழுத்தி உறுதி செய்ய வேண்டியதில்லை.

5. கட்டைவிரற் பக்கத்து நாடி துடிக்கிறதா, விரல்கள் அசைகின்றனவா, ஒவ்வொரு விரலிலும் தொடுவுணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும்.

6. இருந்த நிலையிலேயே சிம்பு வைத்துக் கட்டுங்கள். முன்கை முறிவுக்கு முழங்கையும் மணிக்கட்டும், அதாவது மேல்மூட்டும் கீழ்மூட்டும், சிம்புக்குள் அடங்க வேண்டும். பலகை இல்லாவிட்டால் தடித்த அட்டைப்பெட்டியை மடித்தால் போதும். பின்பு முக்கோணத் துணியால் தூக்குக் கட்டு. கட்டிய பிறகு ஐந்தாம் படியை மறுபடி செய்யுங்கள்.

7. உண்ணவும் பருகவும் எதுவும் கொடுக்காதீர்கள். அறுவை சிகிச்சை நேரலாம். எண்ணெய் தடவி நீவவும் விடாதீர்கள்.

துண்டாகிப் போன விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வையுங்கள். பனிக்கட்டியின்மேல் நேராக வைத்தால் திசு உறைந்து கெடும். ஆளோடு அதே வண்டியில் அனுப்ப மறவாதீர்கள்.

நம் பக்கத்துச் சாலைகளில் புத்தூர்க் கட்டு என்னும் நாட்டு வைத்தியப் பலகைகள் மலிந்திருக்கின்றன. எலும்பு என்றதும் ஜனங்களின் கால் தானாக அங்கே திரும்புகிறது. அதைப் பற்றிய விவாதம் இந்நூலுக்குப் புறம்பானது. ஆனால் எவர் கட்டிய கட்டாயினும், மாவுக்கட்டும் இதில் அடங்கும், கட்டிய பின் வலி தணியாமல் மேலும் மேலும் ஏறி, விரலைப் பிறர் மெல்ல நீட்டினாலே தாங்கமாட்டாமல் கத்தினால், உள்ளே அழுத்தம் ஏறித் தசை செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். நாடி துடிக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. கட்டைத் தளர்த்தி, மணிக்கணக்கில் அன்று, நிமிஷக்கணக்கில், மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் விரல்கள் கொக்கிபோல் மடங்கியே நின்றுவிடும்.

108-ஐ அழைத்தபின் வண்டி வருவதற்குள் ஒரு சீட்டு எழுதுங்கள். ஒசூர் அரசு மருத்துவமனையோ, கிருஷ்ணகிரி போலுப்பள்ளியில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையோ, அத்திப்பள்ளி கடந்து பெங்களூரோ, எங்கே போனாலும் அங்குள்ளவர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கு அதில் விடை இருக்க வேண்டும். சாலை விபத்தாயின், 2021 டிசம்பர் 18 முதல் நடைமுறையில் உள்ள 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பதைச் சீட்டை வாங்கிக்கொள்பவரிடம் வாயாலும் சொல்லுங்கள். சீட்டின் வாசகம் இந்த மாதிரி இருந்தால் போதும்:

'வயது 24. பேசுவது கன்னடம். காலை 6.40-க்கு பிரஸ் ஷாப்பில் அடி. இடது கை. ஆரையெலும்பின் கீழ்முனையில் வலி, வளைவு. தோலில் காயம் இல்லை. முழங்கை, தோள் வலி இல்லை. நாடி உண்டு. ஐந்து விரலும் அசைகிறது. கட்டைவிரல் நுனியில் மரமரப்பு. 6.55-க்குச் சிம்பு கட்டியது. கட்டியபின் நாடி உண்டு. ஒன்றும் சாப்பிடக் கொடுக்கவில்லை.'